விலையை மாற்றியது யார், எப்போது? போஸ்ட்கிரஸில் டிரிகர் எழுதி மாற்றங்களைப் பதிவு செய்யும் முறை

டேபிளில் ஒரு விலையை அப்டேட் செய்த அந்த நொடியே பழைய விலை கைவிட்டுப் போய்விடும். டேபிளுக்குத் தெரிந்ததெல்லாம் இன்றைய நிலை மட்டும்தான். நேற்று என்ன இருந்தது, யார் மாற்றினார்கள், எத்தனை மணிக்கு என்று யாராவது கேட்டால் அதனிடம் பதில் இருக்காது. இந்தக் கேள்விகள் எப்போதும் தாமதமாகத்தான் வரும். சரக்கு விற்று, பில் போட்டு, மாதக் கணக்கு உதைக்கும்போதுதான் வரும். அப்போது போய்ப் பதிவை உருவாக்க முடியாது.

பலரும் முதலில் செய்வது, அப்ளிகேஷன் கோடில் "விலை மாற்று" என்ற இடத்தில் ஒரு பதிவு எழுதுவது. அது போதாது. டேபிளுக்குள் நுழைய வழிகள் பல இருக்கின்றன. ஒருவர் டேட்டாபேஸை நேரடியாகக் கையாளும் கருவியான பிஜிஅட்மினைத் திறந்து மாற்றுவார். இரவில் ஓடும் ஸ்கிரிப்ட் மாற்றும். எக்செல் கோப்பிலிருந்து இறக்கும் கருவி மாற்றும். நாளைக்கு வேறொருவர் எழுதும் மொபைல் ஆப் மாற்றும். இத்தனை இடத்திலும் பதிவு எழுத எல்லோரும் மறக்காமல் இருப்பார்கள் என்று நம்ப முடியாது. டிரிகர் என்பது டேபிளில் மாற்றம் நடக்கும்போது டேட்டாபேஸே தானாக ஓட்டும் நிரல்; அது டேபிளிலேயே உட்கார்ந்திருக்கிறது. மாற்றம் எந்த வழியில் வந்தாலும் அதைக் கடந்துதான் போக வேண்டும்.

இந்தியாவில் நிறுவனச் சட்டத்தின்கீழ் இதற்கு ஒரு விதியே இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கும் நிதியாண்டுகளில், கம்பெனிகள் கணக்குக்குப் பயன்படுத்தும் மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவை யாரும் நிறுத்தி வைக்கவும் முடியக் கூடாது. விதி வந்த முதல் ஆண்டில் பல கம்பெனிகளின் தணிக்கை அறிக்கைகளில் ஒரே குறிப்பு திரும்பத் திரும்ப வந்தது: மென்பொருளின் திரை வழியாகச் செய்த மாற்றங்களுக்குப் பதிவு இருக்கிறது, டேட்டாபேஸில் நேரடியாகச் செய்த மாற்றங்களுக்கு இல்லை. டிரிகர் அடைக்கும் ஓட்டை இதுதான்.

இந்தக் கட்டுரை போஸ்ட்கிரஸ் (PostgreSQL) என்ற டேட்டாபேஸ் மென்பொருளை வைத்துப் போகிறது. 14 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தால் நல்லது. மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் வைத்திருப்பவர்களுக்குப் பின்னால் சில வார்த்தைகள் இருக்கின்றன. கட்டளைச் சொற்களை ஒலிப்படி தமிழில் தருகிறேன். அடிக்கும்போது அவற்றை மட்டும் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். டேபிள், புலப் பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம், போஸ்ட்கிரஸ் மேற்கோள் குறிகூடக் கேட்காமல் ஏற்றுக்கொள்ளும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஒரு பெயருக்கு 63 பைட்தான் எல்லை. எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் போகும். 'மா' என்பதிலேயே இரண்டு குறிகள், 6 பைட். எல்லை தாண்டினால் போஸ்ட்கிரஸ் ஒரு அறிவிப்பு மட்டும் கொடுத்துவிட்டுப் பெயரை வெட்டிவிடும். பெயர்களைச் சின்னதாக வையுங்கள்.

பழகுவதற்கு ஒரு டேபிள்

வேலை செய்துகொண்டிருக்கும் டேட்டாபேஸில் பழக வேண்டாம். தனியாக ஒன்றை உருவாக்கி, அதில் ஹார்டுவேர் கடைக்கான ஒரு டேபிளைப் போடுங்கள்.

கிரியேட் டேபிள் பொருள் (
  எண் பிக்இன்ட் ஜெனரேட்டட் ஆல்வேஸ் அஸ் ஐடென்டிட்டி பிரைமரி கீ,
  பெயர் டெக்ஸ்ட் நாட் நல்,
  விலை நியூமெரிக்(10,2) நாட் நல்,
  இருப்பு இன்டிஜர் நாட் நல் டிஃபால்ட் 0,
  மாற்றிய_நேரம் டைம்ஸ்டாம்ப் வித் டைம் ஸோன் நாட் நல் டிஃபால்ட் நவ்()
);

"வித் டைம் ஸோன்" என்பதை விட்டுவிடாதீர்கள். அதோடு எழுதினால் போஸ்ட்கிரஸ் நேரத்தை உலகப் பொது நேரமாக மாற்றி வைத்துக்கொண்டு, பார்ப்பவரின் நேர மண்டலத்துக்கு ஏற்பக் காட்டும். இல்லாமல் எழுதினால் வெறும் கடிகார எண்தான் இருக்கும். சர்வர் ஒரு நாட்டிலும் கடை வேறொரு நாட்டிலும் இருக்கும் நாளில், மாலை 6 மணி என்பது எந்த ஊர் மாலை என்று சொல்ல ஆள் இருக்காது.

இரண்டு மூன்று பொருள்களை இன்சர்ட் செய்துகொள்ளுங்கள். ஒரு அங்குல பி.வி.சி. குழாய் 185 ரூபாய், ஒரு கிலோ கம்பி ஆணி 90 ரூபாய், அப்படி ஏதாவது.

முதல் டிரிகர்: கடைசியாக மாறிய நேரம்

போஸ்ட்கிரஸில் டிரிகர் இரண்டு துண்டாக இருக்கும். என்ன செய்ய வேண்டும் என்பது ஒரு ஃபங்ஷன். எந்த டேபிளில், எப்போது அதை ஓட்ட வேண்டும் என்பது டிரிகர். ஃபங்ஷனை ஒருமுறை எழுதினால் பத்து டேபிளில் மாட்டலாம்.

கிரியேட் ஆர் ரீப்ளேஸ் ஃபங்ஷன் நேரம்_குறி() ரிட்டர்ன்ஸ் டிரிகர்
லாங்குவேஜ் பிஎல்பிஜிஎஸ்கியூஎல் அஸ் $$
பிகின்
  நியூ.மாற்றிய_நேரம் := நவ்();
  ரிட்டர்ன் நியூ;
எண்ட்;
$$;

கிரியேட் டிரிகர் பொருள்_நேரம்
பிஃபோர் அப்டேட் ஆன் பொருள்
ஃபார் ஈச் ரோ
வென் (ஓல்ட்.* இஸ் டிஸ்டிங்ட் ஃப்ரம் நியூ.*)
எக்ஸிக்யூட் ஃபங்ஷன் நேரம்_குறி();

டிரிகர் ஓடும்போது அதன் கையில் இரண்டு வரிசைகள் இருக்கும். ஓல்ட் என்பது மாறுவதற்கு முன் இருந்த வரிசை, நியூ என்பது மாறப்போகும் வரிசை. பிஃபோர் என்று எழுதியிருப்பதால் இந்த ஃபங்ஷன் வரிசை டேபிளில் எழுதப்படுவதற்கு முன்பே ஓடுகிறது, நியூவைத் திருத்தவும் முடிகிறது. திருத்திய நியூவைத் திருப்பிக் கொடுத்தால் அதுதான் டேபிளில் போய் உட்காரும். நியூவுக்குப் பதில் நல் (மதிப்பே இல்லை என்ற குறி) திருப்பிக் கொடுத்தால் அந்த வரிசைக்கான அப்டேட்டே நடக்காது, பிழைச் செய்தியும் வராது. "அப்டேட் கொடுத்தேன், ஒன்றும் மாறவில்லை" என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

வென் வரியும் முக்கியமானது. 185 ரூபாய் விலையை மறுபடியும் 185 என்றே அப்டேட் செய்தாலும் போஸ்ட்கிரஸுக்கு அது அப்டேட்தான். பல அப்ளிகேஷன்கள் "சேமி" பொத்தானை அழுத்தினாலே எல்லாப் புலங்களையும் திரும்ப எழுதும். ஒன்றும் மாறாத நாளில் மாற்றிய நேரம் மாறினால், அந்தப் புலத்தை யாரும் நம்ப மாட்டார்கள். "சமமில்லை" என்ற சாதாரணக் குறிக்குப் பதில் இஸ் டிஸ்டிங்ட் ஃப்ரம் என்று எழுதக் காரணம் நல் மதிப்புகள். நல்லோடு எதை ஒப்பிட்டாலும் எஸ்கியூஎல் உண்மை என்றும் சொல்லாது, பொய் என்றும் சொல்லாது. காலியாக இருந்த புலத்தில் யாரோ ஒரு மதிப்பைப் போட்டது உங்கள் கண்ணிலிருந்து தப்பிவிடும். டேபிளில் ஜேசன் (பெயர்-மதிப்பு ஜோடிகளாக எழுதும் தரவு வடிவம்) வகைப் புலம் இருந்தால் மட்டும் இந்த ஒப்பீடு பிழை தரும், ஏனென்றால் அந்த வகைக்குச் சமமா என்று பார்க்கும் வசதி இல்லை. அதை ஜேசன்பி வகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சோதிக்கலாம்.

அப்டேட் பொருள் செட் விலை = 192 வேர் எண் = 1;

மாற்றிய_நேரம் புதிதாகியிருக்கும். அதே கட்டளையை இன்னொரு முறை கொடுங்கள். இப்போது நேரம் அசையக் கூடாது. அசைந்தால் வென் வரியில் ஏதோ தவறு.

நவ்() பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அது தருவது டிரான்சாக்ஷன் (ஒன்றாகவே முடியும் அல்லது ஒன்றாகவே ரத்தாகும் கட்டளைத் தொகுப்பு) தொடங்கிய நேரம். பிகின் கொடுத்து, பத்து நிமிடம் கழித்து அப்டேட் செய்தாலும் பத்து நிமிடத்துக்கு முந்தைய நேரமே பதிவாகும். ஒரே டிரான்சாக்ஷனில் மாறிய எல்லா வரிசைகளுக்கும் ஒரே நேரம் இருப்பது பெரும்பாலும் நமக்கு வசதிதான். அந்தந்த நொடியின் நேரம் வேண்டுமென்றால் கிளாக்_டைம்ஸ்டாம்ப்() இருக்கிறது. வரலாற்றுப் பதிவேட்டில் அதைத்தான் பயன்படுத்தப் போகிறோம்.

சிலருக்கு இதுவே போதும். இன்னொரு சர்வருக்கு "நேற்றிலிருந்து மாறியவற்றை மட்டும் அனுப்பு" என்பதுபோன்ற வேலைக்கு இந்த ஒரு புலம் போதுமானது. அழிக்கப்பட்ட வரிசைகளை மட்டும் அது காட்டாது. வரிசையே போன பின் அதன் நேரத்தை எங்கே பார்ப்பது?

முழு வரலாறு: மாற்றப் பதிவேடு

விலை 185-லிருந்து 192 ஆனது, அப்புறம் 180 ஆனது என்ற கதை முழுவதும் வேண்டுமென்றால் தனி டேபிள் வேண்டும்.

கிரியேட் டேபிள் மாற்றப்_பதிவு (
  பதிவு_எண் பிக்இன்ட் ஜெனரேட்டட் ஆல்வேஸ் அஸ் ஐடென்டிட்டி பிரைமரி கீ,
  டேபிள்_பெயர் டெக்ஸ்ட் நாட் நல்,
  வரிசை_எண் பிக்இன்ட்,
  செயல் டெக்ஸ்ட் நாட் நல்,
  பழையது ஜேசன்பி,
  புதியது ஜேசன்பி,
  நேரம் டைம்ஸ்டாம்ப் வித் டைம் ஸோன் நாட் நல் டிஃபால்ட் கிளாக்_டைம்ஸ்டாம்ப்(),
  தரவுத்தளப்_பயனர் டெக்ஸ்ட் நாட் நல் டிஃபால்ட் செஷன்_யூசர்,
  பணியாளர் டெக்ஸ்ட்
);

பழைய வரிசையையும் புதிய வரிசையையும் ஜேசன்பியாக அப்படியே வைத்துவிடுகிறோம். ஒவ்வொரு புலத்துக்கும் ஒரு பழைய புலம், ஒரு புதிய புலம் என்று கட்டுபவர்களும் உண்டு. தேடுவதற்கு அது வேகம்தான். ஆனால் பொருள் டேபிளில் நாளைக்கு ஜி.எஸ்.டி. விகிதம் என்று ஒரு புலம் சேர்ந்தால் பதிவேட்டையும் திருத்த வேண்டும், யாராவது மறப்பார்கள். ஜேசன்பி புதுப் புலத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும். முதல் பதிவேட்டுக்கு ஜேசன்பி வைப்பதே என் பரிந்துரை.

இதற்கான ஃபங்ஷன்:

கிரியேட் ஆர் ரீப்ளேஸ் ஃபங்ஷன் பதிவு_எழுது() ரிட்டர்ன்ஸ் டிரிகர்
லாங்குவேஜ் பிஎல்பிஜிஎஸ்கியூஎல்
செக்யூரிட்டி டிஃபைனர்
செட் சர்ச்_பாத் = பப்ளிக், பிஜி_டெம்ப்
அஸ் $$
பிகின்
  இன்சர்ட் இன்டு மாற்றப்_பதிவு
    (டேபிள்_பெயர், வரிசை_எண், செயல், பழையது, புதியது, பணியாளர்)
  வேல்யூஸ் (
    டிஜி_டேபிள்_நேம்,
    கோஅலெஸ்(நியூ.எண், ஓல்ட்.எண்),
    டிஜி_ஆப்,
    டூ_ஜேசன்பி(ஓல்ட்),
    டூ_ஜேசன்பி(நியூ),
    நல்இஃப்(கரன்ட்_செட்டிங்('கடை.பணியாளர்', ட்ரூ), '')
  );
  ரிட்டர்ன் நல்;
எண்ட்;
$$;

டிஜி என்று தொடங்குபவை போஸ்ட்கிரஸ் தானாகக் கொடுக்கும் தகவல்கள். எந்த டேபிள், என்ன செயல் என்பது அவற்றில் வரும். இன்சர்ட்டில் ஓல்ட் இருக்காது, டெலிட்டில் நியூ இருக்காது. பதிப்பு 11 முதல் அந்த இடத்தில் நல் வருவதால் மேலே உள்ள ஒரே இன்சர்ட் மூன்று செயலுக்கும் பொருந்துகிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் செயலைப் பார்த்து இஃப் எழுத வேண்டும். கடைசியில் ரிட்டர்ன் நல் என்று இருக்கிறதே, அது ஆபத்தில்லையா? இல்லை. இதை ஆஃப்டர் டிரிகராக மாட்டப் போகிறோம். அங்கே திருப்பிக் கொடுக்கும் மதிப்பை போஸ்ட்கிரஸ் பார்ப்பதே இல்லை.

ஆஃப்டர் ஏன்? பிஃபோர் டிரிகர்கள் எல்லாம் தங்கள் திருத்தத்தை முடித்து, வரிசை எழுதப்பட்ட பிறகு இருப்பதுதான் உண்மையான நிலை. அதைத்தான் பதிவு செய்ய வேண்டும். ஒரே வகை டிரிகர்கள் பல இருந்தால் போஸ்ட்கிரஸ் அவற்றைப் பெயரின் அகரவரிசையில் ஓட்டுகிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

இரண்டு டிரிகர்கள் மாட்டுகிறோம். அப்டேட்டுக்கு மட்டும் வென் வேண்டும். இன்சர்ட்டின் வென் வரியில் ஓல்டைக் குறிப்பிடவே முடியாது, அதனால் பிரிக்க வேண்டியிருக்கிறது.

கிரியேட் டிரிகர் பொருள்_பதிவு
ஆஃப்டர் இன்சர்ட் ஆர் டெலிட் ஆன் பொருள்
ஃபார் ஈச் ரோ எக்ஸிக்யூட் ஃபங்ஷன் பதிவு_எழுது();

கிரியேட் டிரிகர் பொருள்_பதிவு_மாற்றம்
ஆஃப்டர் அப்டேட் ஆன் பொருள்
ஃபார் ஈச் ரோ
வென் (ஓல்ட்.* இஸ் டிஸ்டிங்ட் ஃப்ரம் நியூ.*)
எக்ஸிக்யூட் ஃபங்ஷன் பதிவு_எழுது();

இங்கே முதலில் எழுதிய நேர டிரிகரும் இந்த அப்டேட் பதிவு டிரிகரும் ஒன்றையொன்று எப்படித் தொடுகின்றன என்று கொஞ்சம் நின்று பாருங்கள். முதல் டிரிகரில் வென் வரி இல்லாமல் விட்டிருந்தால், ஒன்றும் மாறாத அப்டேட்டிலும் அது மாற்றிய_நேரத்தைப் புதிதாக்கியிருக்கும். பிறகு ஓடும் ஆஃப்டர் டிரிகருக்கு அந்தப் புலம் மாறியதாகத் தெரியும், வெற்று மாற்றங்கள் பதிவேட்டில் குவியும். இரண்டிலும் வென் இருந்தால்தான் பதிவேடு சுத்தமாக இருக்கும்.

இப்போது ஒரு பொருளைச் சேருங்கள், விலையை மாற்றுங்கள், அதே விலையை மறுபடி கொடுங்கள், பொருளை அழியுங்கள். நான்கு கட்டளைக்கு மூன்று பதிவுகள் வந்திருக்க வேண்டும். டெலிட் பதிவில் பழையது நிறைந்தும் புதியது நல் ஆகவும் இருக்கும்.

யார் மாற்றினார்கள்?

டிரிகருக்கு எப்போது, என்ன என்பது தெரியும். யார் என்பது நீங்கள் சொன்னால்தான் தெரியும். செஷன்_யூசர் டேட்டாபேஸில் நுழைந்த கணக்கின் பெயரைக் கொடுக்கும். பிஜிஅட்மின் வழியாக நேரடியாக வந்தவரை அது காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அப்ளிகேஷன் வழியாக வருபவர்கள் கடையில் இருபது பேர் இருந்தாலும் எல்லோரும் ஒரே டேட்டாபேஸ் கணக்கில்தான் வருவார்கள். பதிவேடு முழுக்க ஒரே பெயர் நிற்கும்.

இதற்கு வழி, ஒவ்வொரு டிரான்சாக்ஷனின் தொடக்கத்திலும் உள்நுழைந்திருக்கும் பணியாளரின் அடையாளத்தை அப்ளிகேஷன் சொல்லிவிடுவது.

பிகின்;
செலக்ட் செட்_கான்ஃபிக்('கடை.பணியாளர்', 'பணி-07', ட்ரூ);
அப்டேட் பொருள் செட் விலை = 180 வேர் எண் = 1;
கமிட்;

மூன்றாவது இடத்தில் உள்ள ட்ரூவை ஃபால்ஸ் ஆக்கிவிடாதீர்கள். ட்ரூ என்றால் அந்த மதிப்பு இந்த டிரான்சாக்ஷனோடு முடிந்துவிடும். ஃபால்ஸ் என்றால் இணைப்பு மூடப்படும்வரை ஒட்டிக்கொண்டிருக்கும். இன்றைய அப்ளிகேஷன்கள் இணைப்பை மூடுவதில்லை. ஒரு பொதுத் தொகுப்பில் (கனெக்ஷன் பூல்) வைத்திருந்து, ஒருவர் முடித்ததும் அடுத்தவருக்குக் கொடுக்கின்றன. ஒட்டிக்கொண்ட பெயர் அடுத்தவர் செய்த வேலையின் மேல் விழும். பதிவே இல்லாமல் இருப்பதைவிடத் தவறான பெயரோடு பதிவு இருப்பது மோசமானது. செய்யாத காரியத்துக்கு ஒரு பணியாளர் பதில் சொல்ல வேண்டிவரும்.

ஃபங்ஷனில் கரன்ட்_செட்டிங்கின் இரண்டாவது இடத்தில் உள்ள ட்ரூ, அப்படி ஒரு மதிப்பே வைக்கப்படாவிட்டால் பிழை எழுப்பாமல் நல் கொடு என்கிறது. நல்இஃப் எதற்கென்றால், டிரான்சாக்ஷன் முடிந்த பிறகு அதே இணைப்பில் அந்தப் பெயரைக் கேட்டால் நல்லுக்குப் பதில் வெற்றுச் சரம் வரும். பணியாளர் புலம் நல் ஆக இருந்தால் மாற்றம் அப்ளிகேஷனைத் தாண்டி வந்தது, அல்லது அப்ளிகேஷனில் யாரோ அந்த வரியை மறந்துவிட்டார்கள். இரண்டையும் தேட வேண்டியதுதான், அதனால் வெற்றுச் சரத்தையும் நல் ஆகவே மாற்றி வைப்பது உதவும்.

பதிவேட்டைக் காப்பது

மாற்றியவரே பதிவையும் திருத்தலாம் என்றால் அந்தப் பதிவுக்கு மதிப்பில்லை. அப்ளிகேஷன் கணக்கிடமிருந்து மாற்றப்_பதிவு டேபிளின் இன்சர்ட், அப்டேட், டெலிட், டிரங்கேட் உரிமைகளை ரிவோக் செய்யுங்கள் (திரும்பப் பெறுங்கள்). தேவைப்பட்டால் செலக்ட் மட்டும் கொடுங்கள். அப்புறம் டிரிகர் எப்படி எழுதும்? அதற்குத்தான் ஃபங்ஷனில் செக்யூரிட்டி டிஃபைனர் போட்டோம். அது ஃபங்ஷனை எழுதியவரின் உரிமையோடு ஓடும். அப்படி ஓடும்போது கரன்ட்_யூசர் என்று கேட்டால் ஃபங்ஷன் உரிமையாளரின் பெயர்தான் வரும், அதனால்தான் செஷன்_யூசரைப் பயன்படுத்தினோம். டேபிள்களை எங்கே தேடுவது என்று சொல்லும் சர்ச்_பாத் வரியையும் விடக் கூடாது. இல்லையென்றால் ஒருவர் அதே பெயரில் வேறு டேபிள் ஒன்றை முன்னால் நிறுத்தி, பதிவுகளைத் திசை திருப்ப முடியும்.

அப்ளிகேஷன் கணக்கு டேபிளின் உரிமையாளராக இருக்கக் கூடாது. டேபிளின் உரிமையாளர் ஆல்டர் டேபிள் கொடுத்து டிரிகரை டிசேபிள் செய்துவிடலாம். டேபிள்களை உருவாக்க ஒரு கணக்கு, அன்றாட வேலைக்கு வேறு கணக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். எல்லா உரிமையும் கொண்ட சூப்பர்யூசரை எந்த டிரிகராலும் தடுக்க முடியாது. அவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டிய இடமென்றால், பதிவுகளை அவர்கள் கை எட்டாத இன்னொரு சர்வருக்கு அவ்வப்போது நகலெடுத்து அனுப்புவதுதான் வழி.

டிரங்கேட் தனி ஓட்டை. டேபிளை மொத்தமாகக் காலிசெய்யும் அந்தக் கட்டளைக்கு டெலிட் டிரிகர் ஓடாது. ஆயிரம் பொருள் போனாலும் பதிவேட்டில் ஒரு வரி வராது. பிஃபோர் டிரங்கேட், ஃபார் ஈச் ஸ்டேட்மென்ட் என்று ஒரு டிரிகர் வைத்து, அதன் ஃபங்ஷனில் ரெய்ஸ் எக்ஸப்ஷன் கொடுத்துத் தடுத்துவிடுங்கள். பொருள் டேபிளுக்கும் பதிவேட்டுக்கும் சேர்த்தே வையுங்கள்.

தெரிந்திருக்க வேண்டிய குணங்கள்

டிரிகர் எழுதும் பதிவு அதே டிரான்சாக்ஷனின் பகுதி. மாற்றம் ரோல்பேக் ஆனால் (ரத்தானால்) பதிவும் போய்விடும். நடக்காத மாற்றத்துக்குப் பதிவு இருக்காது என்பது நமக்கு நல்லதுதான். மறுபக்கம், பதிவு எழுதுவதில் பிழை வந்தால் மாற்றமும் நின்றுவிடும். பதிவேடு இருக்கும் டிஸ்க் நிரம்பினால் பில் போடுவது நிற்கும். கணக்கு விஷயத்தில் அப்படி நிற்பதே சரி என்பேன். ஆனால் டிஸ்க் நிரம்புகிறது என்ற எச்சரிக்கை முன்கூட்டியே வரும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

ரோல்பேக்கோடு சேர்ந்த இன்னொன்று. பதிவு_எண் வரிசையில் 41-க்குப் பிறகு 43 வந்தால் யாரோ 42-ஐ அழித்துவிட்டார்கள் என்று முடிவுகட்ட வேண்டாம். ஒருமுறை கொடுத்த எண்ணை போஸ்ட்கிரஸ் திரும்ப வாங்குவதில்லை. ரோல்பேக் ஆன டிரான்சாக்ஷன் எடுத்த எண் அப்படியே வீணாகும். தணிக்கை செய்பவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவைத்தால் வீண் சந்தேகம் வராது.

மொத்த மாற்றங்களில் வேகம் குறையும். "எல்லா விலையும் 5 சதவீதம் ஏற்று" என்று ஒரு லட்சம் வரிசைக்குக் கொடுத்தால் ஃபங்ஷன் ஒரு லட்சம் முறை ஓடும். சிறிய கடைக்கு இது பொருட்டில்லை. பொருட்டாகும் இடத்தில் பதிப்பு 10 முதல் இருக்கும் ஒரு வசதி உதவும்: ஃபார் ஈச் ஸ்டேட்மென்ட் டிரிகரில் ரெஃபரன்சிங் என்று எழுதி, மாறிய எல்லாப் பழைய வரிசைகளையும் ஒரு தற்காலிக டேபிளாகவும், புதியவற்றை இன்னொன்றாகவும் வாங்கிக்கொள்ளலாம். இரண்டையும் எண் புலத்தால் இணைத்து ஒரே இன்சர்ட்டில் எழுதிவிடலாம். முதல் டிரிகராக இதை எழுத வேண்டாம். வரிசைவாரியானது கைவந்த பிறகு பாருங்கள்.

பதிவேடு வளர்ந்துகொண்டே போகும். டேபிள்_பெயர், வரிசை_எண் இரண்டையும் சேர்த்து, தேடலை வேகமாக்கும் ஒரு இன்டெக்ஸ் போடுங்கள். பெரிதாகும் என்று தெரிந்தால் தொடக்கத்திலேயே மாதவாரியாகப் பார்ட்டிஷன் செய்வது நல்லது. பழையதைத் தூக்குவது என்பது அந்தந்த மாதத்தைக் கழற்றி வைப்பதோடு முடியும். எவ்வளவு காலம் வைக்க வேண்டும் என்பது வேலையைப் பொறுத்தது. இந்தியக் கம்பெனிகளின் கணக்குப் புத்தகங்களுக்குச் சட்டம் 8 நிதியாண்டுகள் என்கிறது.

முழு வரிசையையும் பதிவு செய்வதில் ஒரு தீங்கும் இருக்கிறது. வாடிக்கையாளர் டேபிளில் கடவுச்சொல்லோ ஆதார் எண்ணோ இருந்தால் அதுவும் பதிவேட்டுக்குள் போய் நகல் நகலாக நிற்கும். ஜேசன்பியிலிருந்து ஒரு புலத்தைக் கழிக்க மைனஸ் குறி போதும்: டூ_ஜேசன்பி(நியூ) - 'கடவுச்சொல்'. ஃபங்ஷனில் இதை எழுதாமல் அப்படிப்பட்ட டேபிள்களில் டிரிகரை மாட்டவே மாட்டாதீர்கள்.

மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் வைத்திருப்பவர்களுக்கு

மைஎஸ்கியூஎல்லில் கடைசி நேரம் மட்டும் வேண்டுமென்றால் டிரிகரே வேண்டாம்; புலத்தை உருவாக்கும்போதே ஆன் அப்டேட் கரன்ட்_டைம்ஸ்டாம்ப் என்று சேர்த்தால் போதும். டிரிகர் எழுதினால் வரிசைவாரியாக மட்டும்தான் எழுத முடியும், இன்சர்ட், அப்டேட், டெலிட்டுக்குத் தனித்தனி டிரிகர் வேண்டும். ஃபாரின் கீ (இன்னொரு டேபிளின் வரிசையைச் சுட்டும் இணைப்பு) கேஸ்கேட் ஆகி, அதாவது சுட்டப்பட்ட வரிசை அழிந்ததால் தானும் அழியும் வரிசைகளுக்கு டிரிகர் ஓடாது என்பது அங்கே பலரையும் கவிழ்த்த விஷயம். போஸ்ட்கிரஸில் ஓடும்.

எஸ்கியூலைட்டில் நியூவைத் திருத்த முடியாது. ஆஃப்டர் அப்டேட் டிரிகருக்குள் அதே வரிசையை மறுபடி அப்டேட் செய்து நேரத்தைப் போட வேண்டும். தன்னைத்தானே திரும்பத் திரும்ப அழைக்கும் வசதி இயல்பில் அணைந்திருப்பதால் அது சுழலில் மாட்டாது. கரன்ட்_டைம்ஸ்டாம்ப் அங்கே உலகப் பொது நேரத்தைத் தருகிறது; இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டிப் படிக்க வேண்டும். பயனர் கணக்கு என்ற கருத்தே எஸ்கியூலைட்டில் இல்லாததால் "யார்" என்பதை அப்ளிகேஷன்தான் ஒரு புலத்தில் எழுதித் தர வேண்டும்.

மரியாடிபி 10.3, எஸ்கியூஎல் சர்வர் 2016 முதல் டேபிளே தன் பழைய நிலைகளை வைத்துக்கொள்ளும் வசதி உள்ளது. அங்கே வேலை செய்பவர்கள் டிரிகருக்கு முன் அதைப் பாருங்கள். எப்போது, என்ன என்பதற்கு அது நல்ல பதில் தரும். யார் என்பதற்கு அங்கும் நீங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

படிப்பதும் சரிபார்ப்பதும்

ஒரு பொருளின் விலைக் கதையை எடுக்க இவ்வளவு போதும்:

செலக்ட் நேரம், பணியாளர், பழையது->>'விலை', புதியது->>'விலை'
ஃப்ரம் மாற்றப்_பதிவு
வேர் டேபிள்_பெயர் = 'பொருள்' அண்ட் வரிசை_எண் = 1
ஆர்டர் பை பதிவு_எண்;

இதை ஒரு வியூவாக (பெயரிட்டுச் சேமித்த கேள்வியாக) உருவாக்கி, கடை மேலாளர் பார்க்கும் திரையில் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கைக்கு மட்டும் திறக்கும் பதிவேட்டில் பிழை இருந்தாலும் யாருக்கும் தெரியாது. தினம் யாராவது பார்க்கும் பதிவேட்டில் பணியாளர் பெயர் வராமல் போனால் மறுநாளே புகார் வரும்.

டிரிகர் உயிரோடு இருக்கிறதா என்பதையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். போஸ்ட்கிரஸின் கட்டளைக் கருவியான பிஎஸ்கியூஎல்லில் பின்சாய்கோடு டி, பொருள் என்று அடித்தால் டேபிள் விவரத்தின் அடியில் டிரிகர்கள் வரும்; நிறுத்தி வைத்தவை தனித் தலைப்பில் தெரியும். நிரல் வழியாகப் பார்க்க பிஜி_டிரிகர் டேபிளில் டிஜிஎனேபிள்ட் என்ற புலம் இருக்கிறது. சாதாரணமாக அதில் 'ஓ' என்ற எழுத்து இருக்கும், 'டி' என்றால் யாரோ அணைத்திருக்கிறார்கள். பெரிய தரவு இறக்கத்துக்காக டிரிகரை அணைப்பதும், வேலை முடிந்து திரும்பப் போட மறப்பதும் அடிக்கடி நடக்கும். டேபிளைப் புதிதாக உருவாக்கித் தரவை நகர்த்தும் மாற்றங்களிலும் டிரிகர் பழைய டேபிளோடு போய்விடும்.

அதனால் அப்ளிகேஷனின் தானியங்கிச் சோதனைகளில் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்: ஒரு பொருளின் விலையை மாற்று, பதிவேட்டில் சரியாக ஒரு வரி கூடியதா பார், அதில் பழைய விலை, புதிய விலை, பணியாளர் மூன்றும் இருக்கின்றனவா பார், அப்புறம் ரோல்பேக் கொடு. பதிவேடு வைத்திருக்கும் ஒவ்வொரு டேபிளுக்கும் இப்படி ஒன்று. ஒவ்வொரு புதிய வெளியீட்டுக்கு முன்னும் அது ஓடட்டும்.